இலங்கைக்கு வருடம் ஐம்பது பேர்: கனடாத் தமிழ் அமைப்புகளின் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணாமார், அக்காமார், நிர்வாகசபைகளில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைமார் எல்லோருக்கும்,

வணக்கம். ஒரு அமைப்புக்கு மட்டும் எழுதினால் மற்றவர்களுக்கு ஏன் எழுதவில்லை என்று கேள்வி வரும், எல்லோருக்கும் தனித்தனியே எழுதினால் ஒருவருமே வாசிக்கமாட்டீர்கள், அதனால் இப்படிப் பொதுவில் எழுதுகிறேன். யாருடைய பெயரையும் இழுக்கப்போவதில்லை.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சக் காலமாக எங்கள் ஆட்களின் வாயில் ஒரு புதுக்கதை. கலியாண மண்டபத்தில் கேட்கிறேன், கோயில் அன்னதான வரிசையில் கேட்கிறேன், வட்ஸ்அப் குழுக்களைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. "பஞ்சாபிப் பெடியள் வந்துதான் வாடகை இப்படி ஏறினது." "இந்தியாவில இருந்து வாறதை ஒரு அஞ்சு வருசத்துக்கு நிப்பாட்டவேணும்." கடைசியில் தவறாமல் ஒரு முத்தாய்ப்பு: "நாங்கள் ஒழுங்கா வந்தனாங்கள்."

தனிப்பட்ட ஆட்கள் சொல்லிக்கொண்டிருந்த வரைக்கும் சரி, சனம் கதைக்கும், விட்டுவிடலாம் என்று இருந்தேன். ஆனால் அண்மையில் ஒரு தமிழ் அமைப்பின் கூட்டத்தில் மேடையில் நின்றபடியே ஒருவர் இதைச் சொன்னார், கீழே இருந்தவர்கள் கைதட்டினார்கள், தலைமை தாங்கியவர் சிரித்துக்கொண்டே அடுத்த பேச்சாளரை அழைத்தார். அதனால்தான் இந்த மடல்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் முழுவதையும் வாசிக்காமலே சண்டைக்கு வருவீர்கள். வருடத்துக்கு எத்தனை பேரைக் கனடா எடுக்கவேண்டும் என்பது நியாயமான கேள்வி. வீடு இல்லை, குடும்ப மருத்துவர் கிடைப்பதில்லை, சில கல்லூரிகள் காசுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு அனுமதிக் கடிதம் கொடுத்தன. அரசாங்கம் 2024-ல் மாணவர் அனுமதியைக் குறைத்தபோது அதில் எனக்கும் பெரிய ஆட்சேபணை இருக்கவில்லை. எண்ணிக்கை பற்றி எவ்வளவும் வாதாடலாம். ஆனால் "எத்தனை பேர்" என்ற கேள்வி எப்போது "எந்த நாட்டுக்காரர்" என்று மாறுகிறதோ, அந்த இடத்தில் நாங்கள் வேறொரு வரலாற்றுக்குள் காலடி வைக்கிறோம். அந்த வரலாற்றில் எங்களுக்கும் ஒரு வரி இருக்கிறது. அது உங்கள் தைமாத மரபுரிமைக் கண்காட்சிகளில் எதிலும் நான் கண்டதில்லை.

1951-ம் ஆண்டு கனடா மூன்று நாடுகளோடு ஒரு ஏற்பாடு செய்துகொண்டது. வருடத்துக்கு இந்தியாவில் இருந்து 150 பேர், பாகிஸ்தானில் இருந்து 100 பேர், இலங்கையில் இருந்து 50 பேர். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள், பறங்கியர் என்று முழு இலங்கைக்கும் சேர்த்து ஐம்பது, ஒரு பஸ்ஸுக்குள் அடங்குகிற ஆட்கள். அதே 1951-ல் கனடாவில் வந்து குடியேறியவர்கள் கிட்டத்தட்ட 194,000 பேர். பொதுநலவாய நாடுகள் மனம் நோகக்கூடாதே என்று பெரிய மனதோடு கொடுத்த சலுகை அது என்பதையும் கவனியுங்கள், அதற்கு முன்னால் அதுகூட இல்லை. 1957-ல் இந்தியாவின் பங்கை 300 ஆக உயர்த்தினார்கள். இந்த ஒதுக்கீடு 1962 வரைக்கும் இருந்தது. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு ஆசிரியரோ எஞ்சினியரோ என்னதான் "ஒழுங்காக" விண்ணப்பித்திருந்தாலும், அந்த வருடத்தின் ஐம்பது முடிந்துவிட்டால் முடிந்ததுதான். அவருடைய படிப்பிலோ நடத்தையிலோ குறை இருந்து அல்ல, பிறந்த இடம்தான் குறை.

எங்கள் கண்காட்சிகள் எல்லாம் 1983-ல் தொடங்குகின்றன. கறுப்பு ஜூலை, பிறகு நியூபவுண்ட்லாந்துப் படகுகள், பிறகு ஸ்காபரோவில் பேஸ்மென்ட், இரண்டு வேலை, பிறகு மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் நாடாளுமன்ற உறுப்பினரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1983-ல் ஒரு தமிழர் கனடாவை நினைத்துப் பார்க்கவே முடிந்ததற்கு அதற்கு முன்னால் யார் யாரோ அடிபட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட எங்கள் சுவர்ப்படங்களில் இல்லை.

சீனரில் இருந்து தொடங்குவோம். கனடியன் பசிபிக் ரயில் பாதையைப் பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளுக்குள்ளால் போட்டவர்களில் ஆயிரக்கணக்கானோர் சீனத் தொழிலாளிகள். பாறையை வெடிவைத்துத் தகர்க்கிற வேலை, எத்தனையோ பேர் செத்தார்கள். 1885 நவம்பரில் கடைசி ஆணி அடித்தார்கள். அதே 1885-ல், வேலை முடிந்த கையோடு, இனி வரும் ஒவ்வொரு சீனரும் 50 டொலர் தலைவரி கட்டவேண்டும் என்று சட்டம் வந்தது. 1900-ல் அது 100, 1903-ல் 500. ஒரு தொழிலாளியின் இரண்டு வருடச் சம்பளத்துக்குக் கிட்டவான காசு. வேறெந்த நாட்டுக்காரருக்கும் இந்த வரி இல்லை. எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் சுமார் 23 மில்லியன் டொலர் அறவிட்டார்கள், அப்படியும் சனம் வந்துகொண்டே இருந்ததால் 1923-ல் கதவையே சாத்திவிட்டார்கள். சட்டம் நடைமுறைக்கு வந்த திகதி யூலை 1. ஆம், கனடா தினம் என்று நாங்கள் சிவப்பு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாணவேடிக்கை பார்க்கப்போகிற அதே நாள். சீனர்கள் அதை அவமான நாள் என்று சொல்லிக் கடைகளைப் பூட்டிவைத்தார்கள். 1947-ல் சட்டம் நீங்கும் வரைக்கும் 24 வருடங்களில் உள்ளே வந்த சீனர்கள் ஐம்பதுக்கும் குறைவு. இங்கே புருஷன், அங்கே பெண்சாதி, நடுவில் காசு அனுப்புகிற கடிதம் மட்டும். ஸ்பொன்சர் கடிதத்துக்காக வருடக்கணக்கில் காத்திருந்த எங்கள் குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சீனருக்கு எதிரான சட்டம் குறைந்தபட்சம் வெளிப்படையாகச் சீனர் என்று சொன்னது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது பெயர் சொல்லாத சட்டங்கள். அங்கேதான் கெட்டித்தனம் இருக்கிறது.

இந்தக் கெட்டித்தனத்துக்கு ஒரு தாயகம் உண்டு, அங்கேயும் எங்கள் மொழிக்காரர் இருந்தார்கள். 1860-ல் சென்னையில் இருந்து முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பல் தென்னாபிரிக்காவின் நேட்டால் (Natal) குடியேற்றத்துக்குப் போனது. கரும்பு வெட்ட ஆட்கள் வேண்டும், ஆனால் அவர்களுக்குப் பின்னால் சொந்தக் காசில் வருகிற இந்திய வியாபாரிகள் வேண்டாம் என்பது அங்கிருந்த வெள்ளையரின் நிலை. இந்தியர் என்று எழுதினால் லண்டனுக்குச் சங்கடம், ஏனென்றால் இந்தியரும் மகாராணியின் பிரஜைகள். ஆகவே 1897-ல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: உள்ளே வருபவர் ஏதாவது ஒரு ஐரோப்பிய மொழியில் விண்ணப்பம் எழுதிக் காட்டவேண்டும். எவ்வளவு அழகு பாருங்கள், இந்தியா என்ற பெயரே இல்லை. பிரித்தானியக் குடியேற்ற அமைச்சர் ஜோசப் சேம்பர்லைன் அதே வருடம் மற்றக் குடியேற்ற நாடுகளின் தலைவர்களுக்கும் இந்த முறையைச் சிபாரிசு செய்தார். அவுஸ்திரேலியா 1901-ல் அதை இன்னும் மெருகேற்றி, அதிகாரி எந்த ஐரோப்பிய மொழியையும் தெரிவுசெய்து ஐம்பது சொல் வாசிப்பார், வந்தவர் அதைப் பிழையில்லாமல் எழுதவேண்டும் என்று வைத்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவும் 1900-ல் இருந்து அதே மாதிரிச் சட்டங்களை மாறிமாறி நிறைவேற்றியது, ஒட்டாவாவில் இருந்த மத்திய அரசாங்கம் அவற்றைத் திரும்பத் திரும்பத் தள்ளுபடி செய்தது. நல்ல மனதால் அல்ல, தானே ஒன்றைச் செய்வதற்காக என்றுதான் பின்னால் நடந்ததைப் பார்த்தால் தோன்றுகிறது.

ஒட்டாவா செய்தது இதுதான். 1908 ஜனவரியில் ஒரு கட்டளை: கனடாவுக்கு வருபவர் தான் பிறந்த நாட்டில் இருந்தோ குடியுரிமை உள்ள நாட்டில் இருந்தோ, அங்கேயே வாங்கிய ஒரே ரிக்கெற்றில், இடையில் தங்காமல் நேராக வரவேண்டும். படித்துப் பாருங்கள், எந்த நாட்டின் பெயரும் இல்லை. ஆனால் இந்தியாவில் இருந்து கனடாவுக்கு அப்படி நேராக வரக் கப்பல் இல்லை, நேர் ரிக்கெற் விற்கவேண்டாம் என்று கப்பல் கம்பனிக்கும் சொல்லியாயிற்று. அதே வருடம், ஆசியர் இறங்கும்போது கையில் 200 டொலர் காட்டவேண்டும் என்றும் வந்தது, மற்றவர்களுக்கு 25. 1910 சட்டமோ கனடாவின் காலநிலைக்குப் பொருந்தாத இனங்களைத் தடுக்கலாம் என்று அமைச்சரவைக்கு அதிகாரம் கொடுத்தது. குளிர் தாங்கமாட்டார்களாம்! மரம் அரியும் ஆலைகளில் பனிக்குள் நின்று வேலை செய்துகொண்டிருந்த சீக்கியரைப் பார்த்துக்கொண்டே எழுதியது. 1911-ல் அமெரிக்கக் கறுப்பின விவசாயிகள் அல்பேர்ட்டாவுக்கு வரத் தொடங்கியபோது அவர்களுக்கும் இதே காலநிலைக் கதைதான்.

இதில் மக்கென்சி கிங் என்ற மனிதரைக் கவனித்துப் பாருங்கள். 1908-ல் தொழிலாளர் துறையின் தலைமை அதிகாரியாக லண்டனுக்குப் போய், இந்தியர் வருவதைச் சத்தமில்லாமல் நிறுத்துவது பற்றிப் பேசிவந்தவர் அவர். 1923-ல் சீனருக்குக் கதவு சாத்தியபோது பிரதமர் அவர். 1947-ல் அந்தச் சட்டத்தை நீக்கியபோதும் பிரதமர் அவர்தான், ஆனால் அப்போதும் நாடாளுமன்றத்தில் எழுந்து, பெருவாரியான குடிவரவால் தங்கள் சனத்தொகையின் தன்மை அடிப்படையில் மாறுவதைக் கனேடிய மக்கள் விரும்பவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார். ஒரு மனிதரின் உத்தியோக வாழ்க்கைக்குள் இவ்வளவும் அடங்கிவிட்டது. அவருடைய முகம் ஐம்பது டொலர் தாளில் இருக்கிறது, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிகிறோம்.

கோமகத்தா மாரு பற்றி உங்களுக்குத் தெரியும் என்று சொல்வீர்கள். பெயர் தெரியும். என்ன நடந்தது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். குர்தித் சிங் என்பவர் ஜப்பானியக் கப்பல் ஒன்றை வாடகைக்கு எடுத்து, 376 பயணிகளோடு, பெரும்பாலும் சீக்கியர், கொஞ்சம் முஸ்லிம்களும் இந்துக்களும், 1914 மே 23 அன்று வன்கூவர் துறைக்கு வந்தார். ஹொங்கொங்கில் இருந்து புறப்பட்ட கப்பல், ஆகவே நேர்ப்பயணம் இல்லை, ஆகவே இறங்கமுடியாது. கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நங்கூரம் போட்டு, சுற்றிவரக் காவல் படகு விட்டு, இரண்டு மாதம் அப்படியே வைத்திருந்தார்கள். தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் ஒவ்வொரு நாளும் மல்லுக்கட்டவேண்டி இருந்தது. கரையில் இருந்த சீக்கியர்கள் குருத்வாராவில் கூடிக் காசு சேர்த்துக் கப்பல் வாடகையைக் கட்டினார்கள், வழக்கறிஞர் பிடித்தார்கள், முன்ஷி சிங் என்ற ஒரு பயணியின் பெயரில் வழக்குப் போட்டார்கள், மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒருமனதாகக் கைவிரித்தது. யூலை 19 இரவு பொலிசாரை ஏற்றிய இழுவைப் படகு ஒன்று கப்பலைப் பிடிக்க வந்தபோது, மேலே நின்றவர்கள் கையில் கிடைத்த நிலக்கரிக் கட்டிகளால் எறிந்து விரட்டினார்கள். பிறகு கடற்படைக் கப்பலைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினார்கள். யூலை 23 திரும்பிப் போனது. இறங்க விட்டது 24 பேரை மட்டும். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் பஜ்பஜ்ஜில் இறங்கியதும் துப்பாக்கிச் சூடு, சுமார் இருபது பேர் செத்தார்கள்.

அதற்கு 96 வருடங்களுக்குப் பிறகு, அதே பிரிட்டிஷ் கொலம்பியாக் கடலுக்கு, 2010 ஆகஸ்டில் சன் சீ என்ற கப்பல் வந்தது. 492 பேர், எல்லோரும் எங்கள் ஆட்கள், வன்னியில் தப்பியவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள். கப்பல் கரை சேர முன்னரே அமைச்சர் அதில் ஆட்கடத்தல்காரரும் பயங்கரவாதிகளும் இருப்பதாகச் சந்தேகம் என்று சொல்லிவிட்டார். சின்னப் பிள்ளைகளோடு தாய்மாரையும் தடுத்து வைத்தார்கள். பிறகு 2012-ல் ஒரு சட்டம்: அமைச்சர் ஒரு கூட்டத்தை "ஒழுங்கற்ற வருகை" என்று அறிவித்தால், 16 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் தடுப்புக்காவல், அகதி என்று ஏற்றுக்கொண்ட பிறகும் ஐந்து வருடத்துக்கு நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. இதிலும் தமிழர் என்றோ இலங்கை என்றோ ஒரு சொல் இல்லை. யாருக்காக எழுதியது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "நாங்கள் ஒழுங்கா வந்தனாங்கள்" என்று சொல்கிறவர்களுக்கு இந்தச் சட்டத்தை ஒருக்கால் வாசித்துக் காட்டுங்கள்.

ஒழுங்கு என்று இவர்கள் சொல்வதைப் பற்றியே இன்னும் கொஞ்சம். 1986 ஆகஸ்ட் 11, நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் பனிமூட்டத்துக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகள், அவற்றில் 155 தமிழர். கஸ் டால்ரன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர் கண்டு ஏற்றினார். அவருக்கு நாங்கள் மாலை போட்டோம், போடவேண்டியதுதான். ஆனால் அடுத்த நாட்களில் நடந்தது எங்கள் கண்காட்சியில் இல்லை. வந்தவர்கள் முதலில் இந்தியாவில் இருந்து வந்ததாகச் சொன்னார்கள், பிறகு மேற்கு ஜெர்மனியில் இருந்து வந்தது தெரியவந்தது, பொய் சொன்னவர்களைத் திருப்பி அனுப்பு என்று நாடு முழுக்கச் சத்தம். இன்று பஞ்சாப் மாணவரைப் பற்றி எங்கள் ஆட்கள் என்னென்ன சொல்கிறார்களோ, கள்ளக் கடிதம், ஏஜென்சி, வரிசை பாய்ந்தவர்கள், அவ்வளவையும் அன்று எங்களைப் பற்றிச் சொன்னார்கள். அடுத்த வருடம் யூலையில் நோவா ஸ்கோஷியாவில் ஒரு கப்பல் 174 பேரை, அனேகமாக எல்லோரும் சீக்கியர், இறக்கிவிட்டுப் போனது. ஒட்டாவா விடுமுறையில் இருந்த நாடாளுமன்றத்தையே அவசரமாகக் கூட்டியது. கப்பலில் வந்த தமிழரையும் கப்பலில் வந்த சீக்கியரையும் அன்று அவர்கள் வேறுபடுத்திப் பார்க்கவில்லை.

இப்போது இந்த மடலிலேயே எனக்கு முக்கியமான இடம். 1985-க்கு முன்னால் ஒரு அகதிக் கோரிக்கை எப்படி முடிவானது தெரியுமா? ஒரு குடிவரவு அதிகாரி கேள்வி கேட்பார், அது தட்டச்சில் ஏறும், தாள்கள் ஒட்டாவாவுக்குப் போகும், உங்கள் முகத்தையே பார்க்காத ஆட்கள் அந்தத் தாள்களை வைத்து உங்களை நம்புவதா இல்லையா என்று முடிவெடுப்பார்கள். நீங்கள் நேரில் வாய் திறந்து உங்கள் கதையைச் சொல்ல உரிமை கிடையாது. இதை எதிர்த்து ஏழு பேர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கின் பெயரே சிங் வழக்கு. ஏழு பேரில் அநேகர் பஞ்சாபில் இருந்து வந்த சீக்கியர். 1985 ஏப்ரல் 4 அன்று தீர்ப்பு வந்தது, ஆறு நீதிபதிகளும் அவர்கள் பக்கம். கனடா மண்ணில் நிற்கிற எவருக்கும், குடிமகனாக இல்லாவிட்டாலும், கனடாவின் உரிமைச் சாசனத்தின் பாதுகாப்பு உண்டு என்று எழுதினார் நீதிபதி பேர்த்தா வில்சன், அவரும் ஸ்கொட்லாந்தில் இருந்து வந்து குடியேறியவர். அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு கோரிக்கையாளருக்கும் நேர்முக விசாரணை. 1989-ல் அகதிகள் சபை உருவானது.

உங்களில் எத்தனை பேர், உங்கள் அப்பா அம்மா எத்தனை பேர், அந்தச் சபையின் சின்ன அறைக்குள் மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆமி பிடித்த கதையையும் இயக்கம் பிடித்த கதையையும் நேரில் சொல்லி அழுதிருப்பீர்கள்? அந்தக் கதிரையை வாங்கித் தந்தது பஞ்சாபிகள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் வயதில் உள்ளவர்கள் பிரம்ரனில் ஒரு பேஸ்மென்ட்டுக்குள் ஆறு பேராக இருக்கிறார்கள் என்று எங்கள் ஆட்கள் சிரிக்கிறார்கள். நாங்கள் எத்தனை பேராக இருந்தோம், மறந்துவிட்டதா?

"அது வேறை, நாங்கள் அகதி, அவை மாணவர்" என்ற பதில் வரும். வேறுதான். மாணவர் அனுமதியை எப்படி நடத்தவேண்டும், எத்தனை கொடுக்கவேண்டும் என்று தாராளமாகப் பேசுங்கள். பிறந்த நாட்டைப் பார்த்துப் பூட்டச் சொல்லாதீர்கள். அப்படி ஒரு பூட்டைச் செய்துவிட்டால் அது ஒரு பிரிவோடு நிற்காது என்பதைக் கனடா அண்மையிலேயே காட்டியிருக்கிறது. 2012-ல் "பாதுகாப்பான நாடுகள்" என்று ஒரு பட்டியல் போட்டார்கள். அந்த நாட்டில் இருந்து வந்தால் விரைவு விசாரணை, மேன்முறையீடு இல்லை. ஹங்கேரியில் இருந்து வந்த ரோமா மக்கள்தான் முதலில் மாட்டினார்கள், பிறகு மெக்சிக்கோவையும் சேர்த்தார்கள், பட்டியல் 42 நாடு வரைக்கும் போனது. 2015-ல் சமஷ்டி நீதிமன்றம், பிறந்த நாட்டை வைத்து மேன்முறையீட்டை மறுப்பது சாசனத்தின் 15-ம் பிரிவுக்கு முரண் என்று சொன்னது. 2019-ல் எல்லா நாடுகளையும் பட்டியலில் இருந்து எடுத்தார்கள். போர் முடிந்துவிட்டது, இலங்கை பாதுகாப்பான நாடு என்று எத்தனை மேடைகளில் கேட்டோம்? பட்டியல் இன்னும் கொஞ்சக் காலம் இருந்திருந்தால் இலங்கையும் அதில் ஏறியிருக்காது என்று உங்களில் யார் அடித்துச் சொல்வீர்கள்?

ஊருக்கும் ஒருதரம் போய் வரவேண்டியிருக்கிறது, தவிர்க்கமுடியாது. 1948 இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டத்தில் இந்தியத் தமிழர் என்று எழுதியிருக்கவில்லை. இலங்கையில் பிறந்தவராக இருந்தாலும் தகப்பன் இலங்கையில் பிறந்ததைக் காட்டவேண்டும், அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததைக் காட்டவேண்டும் என்றுதான் எழுதியிருந்தது. தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவருக்குத் தன்னுடைய பிறப்புச் சாட்சிப்பத்திரமே இல்லை, தகப்பனுடையதற்கு எங்கே போவார்? ஒரே சட்டத்தால் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட மலையகத் தமிழர் நாடற்றவரானார்கள். வடக்கில் எத்தனையோ பேர் அது தோட்டக்காட்டாரின் பிரச்சினை என்று இருந்தார்கள். தமிழ்க் காங்கிரஸ் அரசாங்கத்தோடு சேர்ந்தது, செல்வநாயகம் வெளியேறி 1949-ல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் இரண்டு நாடுகளும் உட்கார்ந்து 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு போட்டன. மிச்சப் பிரச்சினையைத் தீர்க்க 2003-ல் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது. பெயர் சொல்லாத சட்டம் என்ன செய்யும் என்று உலகத்துக்குப் பாடம் எடுக்கக்கூடியவர்கள் நாங்கள். நாங்கள் போய்க் கைதட்டுகிறோம்.

கனடாவில் இந்த நிலை மாறியதும் தானாக நடக்கவில்லை. 1952 குடிவரவுச் சட்டம்கூட, தேசியம், இனக்குழு, புவியியற் பகுதி, பழக்கவழக்கம், காலநிலைக்குப் பொருந்தாமை என்று எதைக் காட்டியும் ஒருவரைத் தடுக்க இடம் வைத்திருந்தது. 1962 ஜனவரியில் எலன் ஃபெயார்க்ளோ என்ற பெண் அமைச்சர் புதிய விதிகளைக் கொண்டுவந்து, தேர்ச்சி உள்ளவரை நாடு பார்க்காமல் எடுக்கலாம் என்றார். அப்போதும் தூரத்து உறவினரை ஸ்பொன்சர் செய்யும் உரிமையில் ஐரோப்பியருக்குத் தனிச் சலுகை மிஞ்சியிருந்தது. 1967 அக்டோபரில் புள்ளி முறை வந்தது, நூறுக்கு ஐம்பது எடுத்தால் சரி, எங்கே பிறந்தாய் என்பதற்குப் புள்ளி இல்லை. எழுபதுகளில் இங்கே வந்த எங்கள் முதல் எஞ்சினியர்மாரும் கணக்காளர்மாரும் அந்த வழியால் வந்தவர்கள். அவர்களுக்குப் பின்னால்தான் தமிழ்ச் சங்கங்களே வந்தன.

சரி, நீங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறேன்?

வரும் தைமாதக் கண்காட்சியை 1983-ல் தொடங்காதீர்கள். ஐம்பது பேர் கணக்கையும், தலைவரிப் பத்திரத்தையும், கோமகத்தா மாருவையும், சிங் தீர்ப்பையும் முதல் சுவரில் வையுங்கள். சீக்கிய, சீன அமைப்புகளைத் திறப்பு விழாவுக்கு அழையுங்கள், பொன்னாடை போர்த்தி அனுப்புவதற்காக அல்ல, பேச விடுங்கள். சீனருக்கு 2006-ல் நாடாளுமன்றத்தில் மன்னிப்பும் இழப்பீடும் கிடைத்தது. சீக்கியரிடம் 2008-ல் ஒரு பூங்காவில் வைத்துப் பிரதமர் மன்னிப்புக் கேட்டபோது அவர்கள் ஏற்கவில்லை, நாடாளுமன்றத்தில் சொல் என்று நின்று 2016-ல் வாங்கினார்கள். இதை எல்லாம் எப்படிச் செய்தார்கள் என்று கேட்டுப் படிக்கலாமே. சன் சீ ஆட்களுக்காக நாங்கள் எதுவும் கேட்கத் தொடங்கவேயில்லை.

இரண்டாவது, கொஞ்சம் அலுப்பான வேலை. 2025 ஜூனில் வந்த எல்லை மசோதாவில், பிறகு பிரித்து வேறு மசோதாவில் போட்டார்கள், பொதுநலன் என்று சொல்லி ஒரு தொகுதி ஆட்களின் விசாக்களையும் விண்ணப்பங்களையும் மொத்தமாக நிறுத்தவோ ரத்துச் செய்யவோ அரசாங்கத்துக்கு அதிகாரம் கேட்டார்கள். அதிலும் எந்த நாட்டின் பெயரும் இல்லை. 1908 கட்டளையும் இப்படித்தான் இருந்தது என்பதால் நான் கேட்பது ஒன்றுதான்: இப்படியான அதிகாரம் பாவிக்கப்படும் ஒவ்வொரு தடவையும், எந்தெந்த நாட்டில் பிறந்த எத்தனை பேர் பாதிக்கப்பட்டார்கள் என்ற கணக்கை முப்பது நாளுக்குள் வெளியிடவேண்டும் என்று உங்கள் அமைப்புகள் கூட்டாக எழுதிக் கேட்கவேண்டும். தமிழ் வாக்காளர் நிறைந்த தொகுதிகளின் உறுப்பினர்களிடம், பொங்கல் விழாவுக்கு வேட்டி கட்டிக்கொண்டு வருவார்களே, அந்த நேரத்திலேயே கையில் கொடுங்கள். அவர்களால் தட்டிக்கழிக்க முடியாத கோரிக்கை இது, ஏனென்றால் கேட்பது வெறும் கணக்கு.

மூன்றாவது, மேடை. யாரையும் பேசவிடாதீர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் மேடையில் ஒருவர் ஒரு நாட்டுக்காரரை நிறுத்து என்று சொன்னால், தலைமை தாங்குகிறவர் ஒலிவாங்கியை எடுத்து, இது எங்கள் அமைப்பின் நிலைப்பாடு அல்ல என்று சொல்லவேண்டும். ஒரு வசனம் போதும்.

அடுத்த நிர்வாகசபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு விடயமாகப் போடுங்கள். முடிவு "முடியாது" என்றாலும் எழுத்தில் தாருங்கள், ஏன் என்றும் சேர்த்து. கடிதத்தின் தமிழ், ஆங்கில வரைவுகளை எழுதித் தர நான் தயார், கண்காட்சிக்கு ஆவணங்கள் தேடும் வேலைக்கும் இரண்டு மூன்று இளம் ஆட்கள் என்னோடு வரச் சம்மதித்திருக்கிறார்கள். மண்டபமும் உங்கள் கையெழுத்தும்தான் தேவை.

இப்படிக்கு,
ஸ்காபரோவில் இருந்து, உங்கள் கூட்டங்களில் பின்வரிசையில் உட்காருகிற ஒருவன்